இஞ்சினைத் திறக்காமலே ஓவரோல் (முழுதாகப் பிரித்துப் புதுப்பித்தல்) செய்ததாகக் காசு வாங்கினார்கள்: பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனம்

கொழும்பில் மொரிஸ் மைனர், ஒஸ்டின் மாதிரிப் பழைய கார் வைத்திருக்கிற எல்லாரும் இதை ஒருக்கா வாசியுங்கோ. 235,000 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன்.

கார் அப்பாவுடையது. 1960ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000, 948 சீசீ இஞ்சின், பழைய ஸ்ரீ நம்பர் பிளேட். அவர் போன பிறகு நான்தான் பார்த்துவருகிறேன். இந்த வருடத் தொடக்கத்தில் அது இருமத் தொடங்கியது. நிற்கும்போது ஐடிலில் அழகாக ஓடும். மரைன் டிரைவில் 30 மைலில், கால் பெடலில் பட்டும் படாமலும் இருக்கையில் வெட்டி வெட்டி இழுக்கும். ஆனால் தெகிவளை மேம்பாலத்தில் காலை அழுத்தி மிதித்தால் ஒரு குறையும் இல்லாமல் ஏறும். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்திருங்கோ.

தெரிந்தவர் சொல்லி ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். நான் சொல்லி முடிக்க முதலே அங்கிருந்த பாஸ் (மெக்கானிக்) ஒயில் மூடியைக் கழற்றி உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "கொம்பிரஷன் இல்லை அண்ணை. ரிங்ஸ் போயிட்டுது. இறக்கிச் செய்யாட்டி றோட்டில நிப்பாட்டிப் போடும்."

ரிங்ஸ் என்றால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையங்கள்; அவை தேய்ந்தால் சிலிண்டருக்குள் அழுத்தம், அதாவது கொம்பிரஷன், குறையும். அதை அளக்கிற கேஜ் போட்டுப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். "இவ்வளவு காலமும் இந்தக் கையாலதான் பாக்கிறன்" என்றார். அப்பாவின் கார் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் சம்மதித்துவிட்டேன்.

மூன்று கிழமை கழித்துக் கையால் எழுதிய பில் வந்தது. சிலிண்டர் போர் (சிலிண்டரைக் கடைதல்), பிஸ்டன், ரிங்ஸ், பெயரிங், ஹெட் கஸ்கட், கூலி. பழைய சாமான் எங்கே என்றால், இரும்புக்காரனுக்குப் போட்டாச்சாம். வீட்டுக்கு வரும் வழியிலேயே அதே இருமல். போன் எடுத்தேன். "புது ரிங்ஸ் பதிய வேணும் அண்ணை, 500 மைல் பொறுங்கோ." இந்தப் பதிலை நம்பாதேங்கோ. புது ரிங்ஸ் பதிய ஓட்டம் வேணும் என்பது உண்மைதான். ஆனால் வெட்டி இழுக்கிற இஞ்சின் ஓடி ஓடித் தானாகச் சரிவராது. நாங்கள் திரும்பி வருகிற நாளைத் தள்ளிப்போடத்தான் அந்த 500 மைல்.

கடைசியில் கொட்டாஞ்சேனையில் வேலையை விட்டு ஓய்வாக இருக்கும் ஒரு வயதான பாஸிடம் போனேன். பொனட்டைத் திறக்க முதல் பத்து நிமிடம் கேள்விதான் கேட்டார். எப்போது இருமுது, எப்போது இல்லை, சூடானால் கூடுதா. மேம்பாலக் கதையைச் சொன்னதும், "ரிங்ஸ் தேஞ்சால் ஏத்தத்திலதானே தம்பி முதல் தெரியும்" என்றார். காபரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுப்பது) போகும் மெல்லிய வக்கூம் குழாயை, அதாவது காற்றை உறிஞ்சும் குழாயைக் கழற்றி, காபரேட்டர் பக்கத்தை அடைத்துவிட்டு, "இப்ப ஓட்டிப் பார்." ஆமர் வீதி வரை போய்வந்தேன். ஒரு இருமல் இல்லை.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி டோர்ச் அடித்துக் காட்டினார். பொயின்ட் (ஸ்பார்க்கை உண்டாக்கும் சின்னச் சுவிட்ச்) இருக்கிற தட்டையும் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பையும் இணைக்கும் எர்த் வயர், பின்னல் செம்புக் கம்பி, விரல் நீளம்கூட இல்லை. இழைகள் எல்லாம் அறுந்து இரண்டுதான் மிச்சம். மெதுவாக மிதிக்கும்போது வக்கூம் அந்தத் தட்டை இழுத்துத் திருப்பும். தட்டு திரும்ப வயர் இழுபட்டு எர்த் விடும், ஸ்பார்க் நின்றுவிடும். முழுதாக மிதித்தால் வக்கூம் குறைந்து தட்டு பழைய இடத்துக்கு வரும், எர்த் திரும்பவும் பிடிக்கும். ஐடிலில் அந்தக் குழாய்க்கு வக்கூமே போகாது. நான் முதல் நாளே சொன்ன அறிகுறிகள் அத்தனையும் இந்த இரண்டு இழைக்குள் இருந்தன.

பிறகுதான் என் வயிறு எரிந்தது. சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டின் நட்டுகளில் டோர்ச்சைப் பிடித்து, "இதைப் பார்" என்றார். 2019இல் நானே பூசிய பச்சைப் பெயின்ட் நட்டுக்கும் ஹெட்டுக்கும் இடையில் ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. ஸ்பானர் படவே இல்லை. ஹெட்டைக் கழற்றாமல் எப்படிச் சிலிண்டரைக் கடைந்தார்கள்? கேஜ் போட்டார், நாலு சிலிண்டரிலும் 140க்கும் 150 psiக்கும் இடையில், நல்ல அழுத்தம். அப்பாவின் இஞ்சினில் ஒருநாளும் பிழை இருக்கவில்லை.

பஞ்சிகாவத்தையில் வாங்கிய வயர், புதுப் பொயின்ட், கொண்டென்சர், எல்லாம் 4,800 ரூபாய். பொயின்ட் இடைவெளி 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), அதாவது 0.38 மில்லிமீட்டர் வைத்து மூடினார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

யாராவது இஞ்சினை இறக்க வேணும் என்றால், முதலில் கொம்பிரஷன் கேஜை உங்கள் கண்முன்னே போடச் சொல்லுங்கோ. பிளக், பொயின்ட், எர்த் வயர், வக்கூம் குழாய் பார்த்தாச்சா என்று கேளுங்கோ. வண்டியைக் கொடுக்க முதல் ஹெட் நட்டுகளில் நெயில் பொலிஷ் ஒரு பொட்டு வைத்துப் போட்டோ எடுங்கோ. பழைய சாமான் திரும்பத் தர வேணும் என்று முதலே பேசுங்கோ. பில் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதேங்கோ.

பில்லையும் நட்டுப் போட்டோக்களையும் கொண்டுபோய் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அவர்களுடைய இலக்கம் 1977. விசாரணை முடியாததால் கராஜின் பெயரை இங்கே எழுதவில்லை.