எஸ்எஸ்டிக்கு மாறி நாலு வருஷம்: இன்னும் உறுத்துவது பழைய டிஸ்க்தான்

போன வாரம் பக்கத்து ஊர் பிரஸ்காரத் தம்பி போன் செய்தான். "அக்கா, சிஸ்டம் நகரவே மாட்டேங்குது. எஸ்எஸ்டி போட்டா சரியாகுமா? ஃபார்மட் பண்ணாம அப்படியே மாத்தலாமா?" எஸ்எஸ்டி என்றால் சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க். பார்ட்டி காத்திருந்ததால் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இங்கே.

என்னுடையது நாலாம் தலைமுறை ஐ3, விண்டோஸ் 10, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். வீட்டிலேயே டிடிபி வேலை. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், எப்போதாவது ஒரு கவிதைத் தொகுப்பு. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 சிடி எப்போதோ கீறல் விழுந்து போய்விட்டது. ஃபாண்ட் மட்டும் 1,400 இருக்கும், பாதி எங்கிருந்து வந்தது என்றே நினைவில்லை. புதிதாக விண்டோஸ் போட்டு இவ்வளவையும் திரும்பச் சேர்க்க முடியாது. அதனால்தான் க்ளோன், அதாவது டிஸ்க்கில் இருப்பதை அப்படியே நகலெடுப்பது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 480 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்கினேன். விண்டோஸ் அளக்கும் கணக்கில் அது 447 ஜிபி, பழையது 465. முழு டிஸ்க்கும் உள்ளே போகாது. எனவே விண்டோஸ் இருக்கும் சி டிரைவையும் அதற்கு முன்னால் இருக்கும், பூட் ஆக வேண்டிய குட்டிப் பகுதியான சிஸ்டம் ரிசர்வ்டையும் மட்டும் க்ளோன் செய்தேன், முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்தது. வேலை ஃபைல்கள் இருக்கும் டி டிரைவ் பழையதிலேயே நின்றுவிட்டது. கேபினெட்டில் இரண்டரை அங்குல டிஸ்க்குக்கு இடமில்லை. இரட்டைப் பக்க டேப் போட்டு ஒட்டினேன், இன்றுவரை அசையவில்லை.

தம்பி, இந்த இடத்தில் கவனம். க்ளோன் முடிந்ததும் இரண்டு டிஸ்க்கையும் மாட்டியபடியே ஆன் செய்யாதே. நான் செய்தேன். புது டிஸ்க் பழையதின் அடையாள எண்ணையும் சேர்த்தே கொண்டுவந்திருந்தது, அதனால் விண்டோஸ் எஸ்எஸ்டியை ஆஃப்லைனில் (மாட்டியிருந்தும் பயன்படுத்தாமல்) வைத்துவிட்டுப் பழையதிலேயே பூட் ஆனது. பணத்தைத் தொலைத்துவிட்டோம் என்று பயந்துவிட்டேன். பழையதின் கேபிளைக் கழற்றிவிட்டு ஆன் செய்தபோதுதான் எஸ்எஸ்டியில் ஏறியது. மறுபடி பழையதை மாட்டினால் இப்போது அது ஆஃப்லைன். டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் ஆன்லைன் கொடுத்ததும் அதற்குப் புது எண் விழுந்தது, கூடவே டி டிரைவாக இருந்தது இ டிரைவாக மாறிவிட்டது. பேஜ்மேக்கர் படம் இருக்கும் இடத்தை டிரைவ் எழுத்தோடு சேர்த்துத்தான் ஞாபகம் வைத்திருக்கும். எந்தப் பத்திரிகையைத் திறந்தாலும் பிள்ளையார் எங்கே, குத்துவிளக்கு எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. எழுத்தைத் திரும்ப டி என்று மாற்றியதும் எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்தது.

அதன் பிறகு கிடைத்த சுகத்தைச் சொல்லியே ஆக வேண்டும். முன்பெல்லாம் காலையில் சிஸ்டத்தை ஆன் செய்துவிட்டு வாசல் தெளித்துக் கோலம் போட்டு வந்தாலும் டெஸ்க்டாப் தயாராக இருக்காது. இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் வந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய சந்தோஷம் ஃபாண்ட்தான். ஹார்ட் டிஸ்க் நிமிஷத்துக்கு 7,200 சுற்று, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட். வேண்டிய இடம் படிக்கும் முள்ளுக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று, அதற்கு மேல் முள் நகரும் நேரம். சிதறிக் கிடக்கும் சின்ன ஃபைல்களில் செகண்டுக்கு நூறு தடவை படிப்பதே கஷ்டம். எஸ்எஸ்டியில் சுற்றவும் நகரவும் எதுவுமில்லை. ஃபாண்ட் பட்டியல் சட்டென்று விரியும்போது இன்றைக்கும் எனக்கு மனசு நிறைகிறது. நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட மக்கர் செய்யவில்லை. டிஸ்க்கின் உடல்நிலை காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் ஆரோக்கியம் இன்னும் 94 சதவீதம்.

எரிச்சல் வருவது பழைய டிஸ்க்கால். என் பத்து வருஷ வேலையும் டி டிரைவில்தான் கிடக்கிறது. இருபது நிமிஷம் தொடாமல் விட்டால் அது தூங்கிவிடும். நான் எஸ்எஸ்டியில் இருக்கும் ஃபைலைத்தான் சேமிக்கப் போகிறேன், டி டிரைவுக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் "சேவ் ஆஸ்" பெட்டி திறந்ததும் விண்டோஸ் எல்லா டிரைவையும் தட்டிப் பார்க்கிறது. உள்ளே உய்ங்ங் என்று சுற்றத் தொடங்கும் சத்தம். ஏழு எட்டு செகண்ட் திரை அப்படியே நிற்கும். பக்கத்தில் பார்ட்டி ப்ரூஃப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாளைக்கு இருபது தடவை இப்படி. பவர் ஆப்ஷனில் தூங்கவே கூடாது என்று வைத்துப் பார்த்தேன், நாள் முழுக்க ஓடியது, கேபினெட் சுட்டது. வயசான டிஸ்க்கை இப்படி ஓட்டப் பயந்து பழையபடியே மாற்றிவிட்டேன்.

வேகமே இல்லாத காலத்தில் இந்த எட்டு செகண்ட் கண்ணில் பட்டதே இல்லை. எல்லாம் பறக்கும்போது இது மட்டும் நிற்பதுதான் தாங்கவில்லை.

தம்பி, எஸ்எஸ்டிக்கு மாறு, க்ளோனே போதும், யோசிக்காதே. ஆனால் நான் வாங்கிய இந்த 480 ஜிபிக்கு மார்க் போடச் சொன்னால், இன்றைய கோபத்தில் பத்துக்கு நாலுதான் போடுவேன். அன்றைக்கே இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து 1 டிபி வாங்கியிருந்தால் டி டிரைவையும் அதிலேயே ஏற்றிவிட்டுப் பழையதைக் கழற்றி பீரோவில் வைத்திருப்பேன். நீ 1 டிபிக்குக் குறைந்து வாங்காதே.