ஃபெடரலிஸ்ட்டா, புரூட்டஸா, டோக்வில்லா? அமெரிக்காவைப் படிக்க எங்கிருந்து தொடங்குவது

2000-லும் 2016-லும் நாடு முழுக்கக் கூடுதல் வாக்கு வாங்கியவர் அதிபர் தேர்தலில் தோற்றார். அது எப்படி என்று செய்தியை மட்டும் பார்த்தால் புரியாது. உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரு சட்டத்தையே செல்லாது என்று சொல்லிவிடுவதும் அப்படித்தான். சரி, மூல எழுத்துகளையே படித்துவிடுவோம் என்று உட்கார்ந்தால் அடுத்த குழப்பம் வருகிறது: எதை முதலில் எடுப்பது? அரசமைப்புக்கு ஆதரவாக அன்று எழுதப்பட்ட ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் தொடங்கு என்பார் ஒருவர், அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்து எழுதிய டோக்வில்லைப் படி என்பார் இன்னொருவர். இரண்டையும் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தனியாகப் படித்தால் இரண்டுமே பாதிப் படத்தைத்தான் காட்டும்.

எந்த வழியில் போனாலும் முதலில் அரசமைப்புச் சட்டத்தைப் படித்துவிடுங்கள். இந்திய அரசமைப்பு 1950-ல் 395 பிரிவுகளோடு வந்தது. அமெரிக்காவுடையது ஏழே பிரிவுகள், பின்னால் சேர்ந்த திருத்தங்கள் 27. ஒரு மாலையில் முடித்துவிடலாம்.

படிக்கும்போது முதல் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் கொஞ்சம் நில்லுங்கள். பிரதிநிதிகள் சபையில் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று கணக்கிட, சுதந்திரமானவர்களை முழுதாகவும் 'மற்ற ஆட்கள் அனைவரையும்' ஐந்தில் மூன்று பங்காகவும் எண்ணச் சொல்கிறது. யார் அந்த மற்ற ஆட்கள்? அடிமைகள். 1787-ல் எழுதிய மூல வாசகத்தில் அடிமை என்ற சொல்லே கிடையாது. தப்பி ஓடும் அடிமையைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்கிற இடத்திலும் 'வேலைக்குக் கட்டுப்பட்ட ஆள்' என்றுதான் வருகிறது. அந்தச் சொல் உள்ளே வந்தது 1865-ல், அடிமை முறையை ஒழித்த 13-ஆம் திருத்தத்தோடு. இன்னொன்றையும் கவனியுங்கள். அதிபரை முடிவு செய்வது நாட்டின் மொத்த வாக்கு அல்ல, மாநிலங்களின் தேர்வாளர்கள். ஒரு மாநிலத்தின் தேர்வாளர் எண்ணிக்கை என்பது அதன் சபை இடங்களும் மேலவையான செனட்டில் அதற்குள்ள இரண்டு இடங்களும் சேர்ந்தது. ஆக, வாக்கே இல்லாத அடிமைகளின் தலைக்கணக்கில் தென் மாநிலங்களுக்குச் சபையிலும் அதிபர் தேர்விலும் கூடுதல் பலம் கிடைத்தது. கூடுதல் வாக்கு வாங்கியவர் எப்படித் தோற்றார் என்ற கேள்விக்கான பதில் இந்தக் கணக்கு முறையிலிருந்துதான் தொடங்குகிறது.

அடுத்து ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள். மொத்தம் 85. புதிய அரசமைப்பை நியூயார்க் மாநிலம் ஏற்க வேண்டும் என்பதற்காக 1787 அக்டோபர் முதல் அங்கே பத்திரிகைகளில் வந்தவை. புப்ளியஸ் என்ற புனைபெயருக்குப் பின்னால் ஹாமில்டன், மேடிசன், ஜே என்று அரசமைப்பின் ஆதரவாளர்கள் மூன்று பேர். எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை. 10, 51, 78 போதும். கோஷ்டிச் சண்டையை ஒழிக்க முடியாது, நாட்டைப் பெரிதாக்கினால் எந்தக் கோஷ்டியும் ஒட்டுமொத்தமாக ஆதிக்கம் செலுத்துவது கடினம் என்பது பத்தாவதில் மேடிசனின் வாதம். 51-இல்தான் மனிதர்கள் தேவதைகளாக இருந்தால் அரசே தேவைப்படாது என்ற புகழ்பெற்ற வரி வருகிறது.

எழுத்தின் தெளிவில் இவற்றுக்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் இவை ஒரு தரப்பு வக்கீலின் வாதங்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. 84-ஆம் கட்டுரையில் ஹாமில்டன், உரிமைப் பட்டியல் ஒன்று தேவையே இல்லை, அது ஆபத்தானதும்கூட என்கிறார். 1791-லேயே பத்துத் திருத்தங்களாக அந்தப் பட்டியல் வந்துவிட்டது. பேச்சுரிமை, மத உரிமை, ஜூரி விசாரணை என்று இன்று அமெரிக்கர்கள் உயிராக மதிப்பவற்றுக்கெல்லாம் எழுத்து வடிவில் உத்தரவாதம் கிடைக்க, அரசமைப்பை எதிர்த்தவர்கள் போட்ட கூச்சல் பெரிய காரணம். புப்ளியஸை மட்டும் படித்தவருக்கு இது தெரியவே வராது.

அதனால்தான் எதிர்த்தவர்களில் ஒருவரான புரூட்டஸைப் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்கிறேன். அதுவும் புனைபெயர்தான், எழுதியவர் யார் என்று இன்றுவரை உறுதியாகவில்லை. நியூயார்க் ஜர்னலில் வந்த 16 கட்டுரைகள். 'தேவையானதும் பொருத்தமானதுமான' சட்டங்களை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றலாம் என்ற ஒரு வரி போதும், மாநிலங்களின் அதிகாரம் கரைந்துபோகும் என்று முதல் கட்டுரையிலேயே எச்சரிக்கிறார். உச்ச நீதிமன்றத்தைப் பற்றிப் பிறகு எழுதியவை இன்னும் கூர்மை. மேலே தட்டிக்கேட்க ஆளில்லை, தவறான தீர்ப்புக்காகப் பதவியும் பறிபோகாது. அந்த இடத்தில் உட்காருகிறவர்கள் வானத்துக்கும் கட்டுப்படாதவர்களாகத் தங்களை உணர்வார்கள் என்கிறார். ஹாமில்டனின் 78-ஆம் கட்டுரையை இதற்கான பதிலாகவே படிக்கலாம்: நீதிமன்றத்தின் கையில் வாளும் இல்லை, பணப்பையும் இல்லை, தீர்ப்பு மட்டுமே இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், இன்று அந்த நீதிமன்றத்தைச் சுற்றி நடக்கும் சண்டை எவ்வளவு பழையது என்று தெரியும். இந்த விஷயத்தில் புரூட்டஸ்தான் தூரத்தைப் பார்த்தவர் என்பேன்.

அப்புறம் டோக்வில். 1831-ல், 25 வயதில், சிறைச்சாலைகளை ஆராய வந்த பிரெஞ்சுக்காரர். ஒன்பது மாதச் சுற்றுப்பயணம், பிறகு 1835-லும் 1840-லுமாக 'அமெரிக்காவில் ஜனநாயகம்' என்ற நூலின் இரண்டு பெரிய பாகங்கள். சட்டத்தில் இருப்பது ஊர்க்கூட்டத்திலும் ஜூரியிலும் சங்கங்களிலும் எப்படிப் பழக்கமாகிறது என்று இவரிடம் பார்க்கலாம். ஆனால் தொடக்கத்துக்கு இவர் சரிப்பட மாட்டார். அளவும் அதிகம், நிறைய இடங்களில் பொதுப்படையாகப் பேசிக்கொண்டே போகிறார். ஒரே ஒரு அத்தியாயம் படிப்பதானால் முதல் பாகத்தின் கடைசி அத்தியாயத்தை எடுங்கள். சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்ட சாக்டா பழங்குடி மக்கள் கடுங்குளிரில் மெம்ஃபிஸ் அருகே மிசிசிப்பி ஆற்றைக் கடப்பதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். அழுகை இல்லை, முறையீடு இல்லை, எல்லோரும் மௌனம். படகு கரையை விட்டு நகர்ந்ததும், தங்களை விட்டுவிட்டார்கள் என்று புரிந்த நாய்கள் ஊளையிட்டபடி பனிநீரில் குதித்துப் படகின் பின்னால் நீந்துகின்றன.

நேரம் குறைவு என்றால் டோக்வில்லைத் தள்ளிவைத்துவிட்டு ஃப்ரெடரிக் டக்ளஸைப் படியுங்கள். அடிமையாகப் பிறந்து 1838-ல் தப்பியவர். 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டர் நகரில், சுதந்திர தினமான ஜூலை நான்கு உங்களுடையது, என்னுடையது அல்ல என்று கூட்டத்தின் முகத்துக்கு நேராகப் பேசினார். அதே உரையில் அரசமைப்பை மகத்தான விடுதலை ஆவணம் என்றும் சொல்கிறார். இரண்டு ஆண்டு கழித்து, அவருடைய பழைய தோழரும் அடிமை ஒழிப்புப் போராளியுமான காரிசன் அதே ஆவணத்தின் பிரதியைப் பொதுக்கூட்டத்தில் கொளுத்தினார். இருவருக்கும் இலக்கு ஒன்றே, வாசிப்பு மட்டும் நேரெதிர்.

இதோடு லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மூன்று நிமிடம்கூட ஆகாது. 1863-ல் நின்றுகொண்டு 87 ஆண்டுகளுக்கு முன்பு என்று தொடங்குகிறார். கழித்துப் பாருங்கள், 1776 வருகிறது. அரசமைப்பு எழுதிய 1787-ஐ விட்டுவிட்டு, எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று சுதந்திரப் பிரகடனம் அறிவித்த ஆண்டிலிருந்து நாட்டின் வயதை எண்ணுகிறார். 'மற்ற ஆட்கள்' என்ற அந்த வரி இருக்கும் சட்டத்தை அவர் அன்று தொடக்கமாக எடுத்துக்கொள்ளவில்லை.