பவானி ஜமுக்காளம்: கூலித் தறியா, சொந்தத் தறியா?

ஜமுக்காளம் என்கிற பட்டை போட்ட கைத்தறி விரிப்பை நெய்கிறவருக்கு இரண்டு வழி. கூலித் தறி என்றால், வியாபாரி தரும் நூலை வாங்கி, அவர் சொன்ன பட்டையை நெய்து கொடுத்தால் வாரக்கூலி கைக்கு வந்துவிடும். நூல் விலை ஏறினால் அது அவர் கவலை. ஆனால் நிறமும் கரையும் நெசவாளி கையில் இல்லை.

சொந்த நூல் என்றால் வேறு. எந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் எந்தப் பச்சை என்று யோசிக்கிற அந்த ஒரு நாளுக்குக் கூலி கிடையாது. கலை என்று நான் சொல்வது அதைத்தான். விற்கும்வரை நூலில் போட்ட முதல் முடங்கும். 2005-06இல் கிடைத்த புவிசார் குறியீடு பெயரைக் காக்கும், நல்ல விலைக்கு உறுதி தராது. விசைத்தறி விரிப்பு மலிவாகக் கிடைக்கிறதே!

இரண்டு தறி இருக்கிற வீடு என்றால், ஒன்றில் கூலி நெசவு, மற்றதில் சொந்த நெசவு என்பேன். கல்யாண சீசனுக்கு முன்பே ஆர்டர் பிடித்துவிட்டால் முதலும் அவ்வளவாக முடங்காது.