சேலத்து வீட்டுக்கும் ஏற்காட்டு வீட்டுக்கும் ஒரே கிரானைட் சரிவருமா?

எங்கள் குடும்பத்தில் ஒரே சமயத்தில் இரண்டு வீட்டு வேலை நடந்தது. சேலம் அழகாபுரத்தில் என் வீடு, ஏற்காட்டில் அண்ணன் வீடு. சேர்த்து வாங்கினால் விலை குறையும் என்று தரைக்கும் படிக்கும் இரண்டு வீட்டுக்குமாக ஒரே கல்லை எடுத்தோம். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாரடைஸோ, 18 எம்.எம்., பளபளவென்று பாலிஷ் போட்டது. இரண்டு பேருக்கும் நிறம் பிடித்திருந்தது. கடைக்காரரும் வேறு எதுவும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

என் வீட்டில் அந்தக் கல் இன்றுவரை அழகாக இருக்கிறது. ஏற்காட்டில், வாசலுக்கு ஏறும் ஏழு படியில் மூன்றாவது படியில் அம்மா வழுக்கி விழுந்தார். மழை பெய்யவில்லை. விடிகாலைப் பனி இறங்கி படி முழுக்க ஈரம் பூத்திருந்தது, அவ்வளவுதான். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம் உட்கார்ந்திருந்தார். கல்லில் ஒரு குறையும் இல்லை. அது போய்ச் சேர்ந்த இடம்தான் தவறு.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கடைக்குள் நுழைந்ததும் எல்லாரும் நிறத்தைப் பார்க்கிறோம், அடுத்து சதுர அடி விலையைக் கேட்கிறோம். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். கல் எங்கே போகிறது என்பது முதலில். அதை வைத்து பினிஷ், அதாவது கல்லின் மேல்முகத்தை எப்படி முடிப்பது என்பது, பிறகு கனம், பிறகு ஸ்லாப் அளவு. நிறம் கடைசி.

பாலிஷ், லெதர், பிளேம்

வீட்டுக்குள்ளே, ஈரம் படாத தரைக்கு, பாலிஷுக்கு இணை கிடையாது. ஒரு துணியால் துடைத்தால் போதும். சேலத்து வெயிலில் மதியம் வெறுங்காலில் நடந்தால் அந்தக் குளுமையே தனி. ஆனால் அதே வழவழப்பில் தண்ணீர் மெல்லிய படலமாக நின்றால் கால் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. வெளிப்படி, போர்டிகோ சரிவு, மொட்டைமாடிப் படி, குளியலறைத் தரை இந்த நான்குக்கும் பாலிஷ் வேண்டவே வேண்டாம். ஏற்காடு என்றால் திறந்த வராந்தாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே போட வேண்டியது பிளேம் பினிஷ். கல்லின் மேல் நெருப்பைப் பாய்ச்சுவார்கள். கல்லுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமம் 573 டிகிரி செல்சியஸ் வாக்கில் சட்டென்று உப்பும். மேல்தோல் பொரிந்து தெறித்து, சொரசொரப்பான முகம் வெளியே வரும். இதில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. கடையில் கிரானைட் என்று விற்கும் கறுப்புக் கற்களில் பல, கல் சாஸ்திரப்படி கிரானைட்டே இல்லை. டாலரைட், காப்ரோ வகையைச் சேர்ந்தவை, குவார்ட்ஸ் மிகக் குறைவு. அவற்றில் பிளேம் சரியாக எடுக்காது, திட்டுத் திட்டாக நிற்கும். கறுப்புதான் வேண்டும் என்றால் கொத்திய பினிஷ் கேளுங்கள். தெருவில் ‘அம்மி கொத்தலையோ’ என்று வருவாரே, அந்த வேலைதான். இப்போது மெஷின் கொத்துகிறது.

பிளேம் கல்லில் கோலம் நன்றாக உட்காரும். இதை எந்தக் கடையிலும் சொல்லவில்லை. என் வீட்டு வாசலில் பாலிஷ் கல்லில் கோலமாவு ஒரு காற்றுக்கே பறந்துவிடுகிறது. பக்கத்து வீட்டில் சொரசொரப்புக் கல்லில் மாலைவரை புள்ளி கலையாமல் நிற்கிறது. தினம் வாசல் தெளிக்கும் வீட்டுக்கு இது பெரிய விஷயம். குறையும் உண்டு. அழுக்கு ஏறும், ஏற்காட்டில் நிழல் பக்கமாக இருந்தால் பாசியும் பிடிக்கும். நார் பிரஷ் போட்டு அடிக்கடி தேய்த்தே ஆக வேண்டும். அண்ணி இதற்காகவே பிளேம் வேண்டாம் என்றார். தேய்ப்பது சிரமம்தான், ஆனாலும் மாவுக்கட்டுக்கு அது எவ்வளவோ மேல்.

லெதர் பினிஷ் இந்த இரண்டுக்கும் நடுவே. தடவினால் தோல் மாதிரி மேடு பள்ளம் தெரியும், பளபளப்பு அடங்கியிருக்கும். பார்க்க அழகு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ‘லெதர் போட்டால் வழுக்காது’ என்று வெளிப்படிக்கு அதைத் தள்ளிவிடுகிறார்கள். பாலிஷை விடக் கொஞ்சம் பிடிக்கும், அவ்வளவே. மழைப் படிக்கு அது பிளேமுக்கு மாற்று அல்ல.

அடுப்பு மேடைக்கு மட்டும் நாங்கள் தனியாகக் கறுப்புக் கல் வாங்கினோம். எனக்குப் பாலிஷ், அண்ணனுக்கு லெதர். இதில் ஒப்பிட நிறையக் கிடைத்தது. எங்கள் வீட்டுப் போர் தண்ணீர் கடினத் தண்ணீர். பாத்திரம் கழுவிய ஈரம் காய்ந்தால் கறுப்புப் பாலிஷில் வெள்ளை வெள்ளையாய் வட்டம் விழுகிறது. ராத்திரி துடைத்துவிட்டுப் படுத்தால்தான் காலையில் மேடை கறுப்பாக இருக்கும். அண்ணன் வீட்டு லெதரில் தண்ணீர்க் கறையோ விரல் ரேகையோ தெரிவதில்லை. ஆனால் தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெயும் மஞ்சள்தூளும் அந்தச் சின்னப் பள்ளங்களில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. துணியால் வழித்தால் வராது, பிரஷ் எடுக்க வேண்டும். நித்தம் மூன்று வேளை சமைக்கும் வீட்டுக்கு என் ஓட்டு பாலிஷுக்குத்தான். ஒரே கறுப்பாக எடுக்காமல், டான் பிரவுன் போலப் பொட்டுப் பொட்டாகப் புள்ளி உள்ள கல்லாக எடுத்தால் தண்ணீர் வட்டமும் கண்ணில் படாது.

ஹோன் என்று ஒன்று இருக்கிறது, பாலிஷுக்கு முந்தைய மங்கல் பினிஷ். வெளிர் கல்லில் ஹோன் போட்டு மேடை அமைத்தால் சேலத்துக்காரர்கள் கவனம். தட்டுவடை செட்டு செய்யத் துருவிய பீட்ரூட் ஒரு மணி நேரம் கிடந்தாலே சிவப்புத் திட்டு தங்கிவிடும். கறை உள்ளே இறங்காமல் தடுக்கும் சீலர் பூசினால் தாங்கும். அதையும் அவ்வப்போது மறுபடி பூச வேண்டும்.

16, 18, 20, 30

கனத்தில் நடக்கும் ஏமாற்று சின்னதுதான், ஆனால் பரவலானது. 18 என்று சொல்லும் ஸ்லாப் ஒரு மூலையில் 16 இருக்கும், இன்னொரு மூலையில் 18 இருக்கும். டேப்பை ஒரே இடத்தில் வைக்காமல் நான்கு விளிம்பிலும் வைத்துப் பாருங்கள்.

கீழே முழுக்கக் கலவை போட்டுப் பதிக்கும் தரைக்கு 16 முதல் 18 போதும். மேடைக்கும், அடியில் கடப்பாக்கல்லோ கான்கிரீட்டோ இருந்தால் 18 தாராளம். கல் உடைவது பெரும்பாலும் கனக் குறைவால் அல்ல, அடியில் வெற்றிடம் இருப்பதால். பதித்த மறுநாள் ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் தெரிந்துவிடும். கெட்டியான இடம் ‘டிக்’ என்னும், வெற்றிடம் ‘டொக்’ என்னும். எங்கள் மேடையில் சிங்க் பக்கம் ஒரு முழம் டொக் என்றது. மேஸ்திரி மறுபேச்சு இல்லாமல் கல்லை எடுத்து மறுபடி பதித்தார். கிரைண்டர் வைக்கும் மூலையையும் தேங்காய் உடைக்கும் விளிம்பையும் மறக்காமல் தட்டிப் பாருங்கள்.

20 எம்.எம்.முக்குப் போக வேண்டியது இரண்டு இடத்தில். பிளேம் போடப் போகிறீர்கள் என்றால் 20க்குக் கீழே இறங்காதீர்கள். நெருப்பு மேல்பரப்பைக் கொஞ்சம் தின்றுவிடும், மெல்லிய கல் சூட்டில் விரிசலும் விடும். இன்னொன்று, விளிம்பு வெளியே நீட்டி நிற்கும் மேடை. அடியில் தாங்கல் இல்லாமல் 20 எம்.எம். கல் ஆறு அங்குலம்வரை நீளலாம், 30 எம்.எம். பத்து அங்குலம்வரை. அதற்கு மேல் என்றால் பிராக்கெட் வேண்டும்.

30 எம்.எம். வீடுகளுக்கு அநேகமாகத் தேவைப்படாது. கார் ஏறும் இடம், தாங்கல் இல்லாத திண்ணைப் பலகை, பொதுக் கட்டடப் படி இவற்றுக்குச் சரி. மேடை விளிம்பு தடிமனாகத் தெரிய வேண்டும் என்பதற்காக 30 வாங்குவதை விட, 18க்கு அடியில் அதே கல்லில் ஒரு பட்டி ஒட்டி மோல்டிங் எடுப்பது, அதாவது விளிம்பை வடிவாகச் செதுக்குவது மேல். ஒட்டு நன்றாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, எடையும் ஏறாது.

எடையை ஏன் சொல்கிறேன் என்றால், சதுர அடிக்கு 18 எம்.எம். கல் சுமார் நாலரை கிலோ, 20 என்றால் ஐந்து, 30 என்றால் ஏழரை. ஒன்பதரை அடிக்கு ஐந்தரை அடி ஸ்லாப் ஒன்று 18இல் 235 கிலோ வரும், 30இல் 390 கிலோ. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்ற வேண்டிய சுமை அது.

பெரிய ஸ்லாப்பா, கட்டர் ஸ்லாப்பா

பணம் உண்மையில் போவதும் மிஞ்சுவதும் இங்கேதான். பெரிய ஸ்லாப்பைக் கேங்சா ஸ்லாப் என்பார்கள், எட்டிலிருந்து பத்து அடி நீளம், நாலிலிருந்து ஆறு அடி அகலம் வரும். கட்டர் ஸ்லாப் இரண்டு, இரண்டரை அடி அகலம், ஆறிலிருந்து எட்டு அடி நீளம். சதுர அடி விலையில் கட்டர் மலிவு. அதனால் எல்லாரும் கட்டரைக் கேட்கிறார்கள். வேலையைப் பொறுத்து அது சரியாகவும் இருக்கும், தவறாகவும் இருக்கும்.

படிக்கட்டுக்குக் கட்டர்தான். மூன்றரை அடி அகலப் படி என்று வையுங்கள். 7 அடிக்கு 26 அங்குலக் கட்டர் ஸ்லாப்பில் நீளத்தில் இரண்டு, அகலத்தில் இரண்டு என 12 அங்குல மிதிபலகை நாலு கிடைக்கும். ரைசர், அதாவது படியின் நிற்கும் முகம், ஆறு அங்குலம் என்றால் அதே ஸ்லாப்பில் எட்டு. வெட்டுக்கழிவு அகலத்தில் இரண்டு அங்குலம்தான். இதற்குப் பெரிய ஸ்லாப் வாங்கினால் காசுக்குக் கேடு.

அடுப்பு மேடைக்கு வந்தால் கதை மாறும். என் மேடை எல் வடிவம், ஒரு கை 9 அடி, திரும்பும் கை 6 அடி, ஆழம் 25 அங்குலம். கட்டரில் ஏழரை அடி ஸ்லாப் இரண்டு, மொத்தம் 32.5 சதுர அடி. கச்சிதம். ஆனால் 9 அடிக் கையில் ஏழரையாவது அடியில் ஒரு ஒட்டு விழும். என் வீட்டில் அந்த ஏழரையாவது அடி சிங்குக்கு நேராக வந்தது. தினமும் தண்ணீர் நிற்கும் இடத்தில் ஒட்டு வந்தால் கொஞ்ச நாளில் அந்தக் கோடு கறுக்கும், அப்புறம் அடியில் ஈரம் இறங்கும்.

பெரிய ஸ்லாப்பில் ஒன்பதரைக்கு ஐந்தரை, 52 சதுர அடிக்குப் பணம் கட்டினேன். 25 அங்குலப் பட்டை இரண்டு எடுத்தாயிற்று. ஒட்டு மூலையில் மட்டும்தான், அதைத் தவிர்க்கவே முடியாது. மிச்சம் 15 அங்குல அகலத்தில் ஒன்பதரை அடி நீளப் பட்டை ஒன்று, மூன்றரை அடித் துண்டு ஒன்று. பட்டையில் மோல்டிங் பட்டியும் ஜன்னல் அடிப்பலகையும் எடுத்தோம். துண்டு பூஜை அறைத் தட்டானது. மிச்சத்துக்கு முன்னமே இடம் யோசித்து வைத்திருந்தால் பெரிய ஸ்லாப் நஷ்டமே இல்லை. யோசிக்காமல் வாங்கினால் கடையிலேயே விட்டுவிட்டு வருவீர்கள், அதற்கும் நீங்கள்தான் பணம் கொடுத்திருப்பீர்கள்.

ஏற்காட்டுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. முழு ஸ்லாப்பாக ஏற்றுவதா, கீழேயே வெட்டித் துண்டாக ஏற்றுவதா? படிக்கும் ஜன்னலுக்கும் கீழேயே வெட்டுங்கள். இரண்டு பேர் தூக்கலாம், வளைவில் உடையாது. மேடையை மட்டும் ஓர் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டி, இடத்தில் வைத்து இறுதி வெட்டு போடுங்கள். சுவர் எங்கேயும் நூல் பிடித்தமாதிரி நேராக இருப்பதில்லை. அண்ணன் வீட்டில் ஒன்பது அடிக்குள் முக்கால் அங்குலம் வளைந்திருந்தது.

மலை ஏறும்போது வெட்டுப்பாறையில் ஜன்னல் வழியே தெரிகிறதே, கருநீலமாய் மினுங்கும் கல், அது சார்னோகைட். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் இருக்கும் கல்லை வைத்து அந்தப் பெயர். சேர்வராயன் மலையே பெரும்பாலும் அதுதான். மலையே கல்லாக இருக்கும் ஊருக்குக் கீழேயிருந்து கல் ஏற்றிக்கொண்டு போகிறோமே என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

வாங்கும் நாளில் மூன்று காரியம் செய்யுங்கள். கறுப்புக் கல் என்றால் தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். துணி கறுத்தால் சாயம் ஏற்றிய கல். வெளிர் கல் என்றால் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் நில்லுங்கள். அந்த இடம் கருத்தால் கல் குடிக்கிறது, அதைச் சாதா சிமெண்டில் பதித்தால் ஈரத் திட்டு மேலே வரும், வெள்ளை சிமெண்டோ ஒட்டுப்பசையோ கேளுங்கள். பின்புறம் வலை ஒட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். தாங்காத கல்லுக்குத்தான் பெரும்பாலும் வலை.

அண்ணன் வீட்டுப் படியைப் பெயர்க்கவில்லை. 18 எம்.எம். என்பதால் பிளேம் போடவும் முடியாது. மேஸ்திரி ஒவ்வொரு படியின் முன்விளிம்பிலும் அரை அங்குல இடைவெளியில் மூன்று கோடு கீறி, மிதிக்கும் இடத்தை மட்டும் கொத்திக் கொடுத்தார். நாலு படி முடிந்திருக்கிறது. நேற்று அண்ணன் போன் செய்தான். “பாப்பா, அம்மா அந்த நாலு படியில கையை விட்டுட்டு நடக்கறாங்க. மேல மூணு படிதான் பாக்கி, ஞாயித்துக்கிழமை மேஸ்திரியக் கூட்டிட்டு வந்துரு.”