சென்னையில் இரண்டு நாள்: எழும்பூரில் தங்குவதா, மயிலாப்பூரிலா?

மதுரை, திருச்சி, நெல்லைப் பக்கமிருந்து சனிக்கிழமை விடியலில் எழும்பூரில் இறங்கி, ஞாயிறு இரவு அங்கேயே ரயிலேறும் குடும்பத்துக்கான கணக்கு இது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி என ஐந்து பேர். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே அறை எடுப்பதுதான் ஊர் வழக்கம். எங்கள் ஓட்டு மயிலாப்பூருக்கு.

எழும்பூரின் நல்லதை முதலில் சொல்லிவிடலாம். பெட்டியை இழுத்துக்கொண்டே கென்னட் லேனுக்கு நடந்துவிடலாம்; அறைகள் நிறைய, வாடகையும் குறைவு. மெட்ரோ வாசலிலேயே இருக்கிறது. அசைவம் இல்லாமல் சாப்பாடு இறங்காத குடும்பம் என்றால் பெரியமேடு, அண்ணா சாலை இரண்டும் பக்கம். அந்தக் குடும்பம் இதற்கு மேல் யோசிக்காமல் எழும்பூரிலேயே தங்கலாம்.

மற்றவர்கள் பார்க்கவேண்டியது வாடகையை அல்ல, எத்தனை நடை ஆட்டோ பிடிக்கிறோம் என்பதை. சென்னையில் பகல் 12 முதல் 4 வரை கோயில் நடை சாத்தியிருக்கும். கடற்கரை மணல் கொதிக்கும். பாட்டியும் சின்னவனும் அந்த நேரத்தில் அறைக்குத் திரும்பிப் படுத்தே ஆகவேண்டும். ஆகவே ஊர் சுற்றல் காலை ஒன்று, மாலை ஒன்று என இரண்டாக உடைகிறது. பார்க்கவும் சாப்பிடவும் வேண்டியவை பெரும்பாலும் மயிலாப்பூர், மெரினா பக்கம் இருக்க, அறை ஆறு கிலோமீட்டர் தள்ளி எழும்பூரில் இருந்தால் சனிக்கிழமை மட்டும் நான்கு நடை. ஞாயிறு விடிகாலைக் கடற்கரைக்குப் போக ஒன்று, வர ஒன்று. மொத்தம் ஆறு. ஆட்டோவில் சட்டப்படி மூவர்தான் என்பதால் ஒவ்வொரு நடைக்கும் இரண்டு வண்டி. ஆக 12 ஆட்டோ.

மயிலாப்பூரில் தங்கினால் வரும்போது ஒரு நடை, கிளம்பும்போது ஒரு நடை: நான்கு ஆட்டோ. கடற்கரைக்குப் போய்வர நான்கு குட்டி ஆட்டோ. நீண்ட நடைக்கு வண்டிக்கு 150, குட்டி நடைக்கு 70 என்று வைத்தால் எழும்பூர்க் கணக்கு 1,800 ரூபாய், மயிலாப்பூர் 880. மயிலாப்பூர் அறை 900 ரூபாய் வரை கூடுதலாக இருந்தாலும் கையைக் கடிக்காது. மழையிலும் ஞாயிறு மாலையிலும் ஆட்டோ கட்டணம் ஏறும். அப்போது வித்தியாசம் இன்னும் கூடும். ஆறு பேர் ஏறும் டாக்ஸி தவறாமல் கிடைக்கும் என்று நம்புகிறவர்கள் வேறு கணக்குப் போடலாம்.

பறக்கும் ரயிலில் போகலாமே என்று கேட்பார்கள். காசு கொஞ்சம்தான். ஆனால் எழும்பூரிலிருந்து பூங்கா ஸ்டேஷன் போய், இறங்கி நடந்து, பூங்கா நகரில் மாறி ஏறவேண்டும். மயிலாப்பூருக்கு இறங்கவேண்டிய திருமயிலை ஸ்டேஷன் ஆகாயத்தில் இருக்கிறது. முழங்கால் வலிக்காரர்களுக்கு ஒத்துவராது.

அறை பேசும்போது வாடகை 24 மணி நேரக் கணக்கா, நண்பகல் கணக்கா என்று கேளுங்கள். ஸ்டேஷன் எதிரில் பல லாட்ஜ்களில் 24 மணி நேரக் கணக்கு. காலை 6-க்கு அறை கிடைப்பது வசதிதான். ஞாயிறு காலை 6-க்கே முடிந்துவிடும் என்பது பிறகுதான் உறைக்கும். நண்பகல் கணக்கு என்றால் சனிக்கிழமை காலை பெட்டியை வரவேற்பில் வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வெளியே போகவேண்டியிருக்கும். குளிக்க இடம் தருவார்களா என்று முன்பே பேசிவையுங்கள்.

சாப்பாட்டில் போட்டியே இல்லை. காலையில் அருண்டேல் தெரு ராயர் மெஸ்ஸில் இட்லியும் கெட்டிச் சட்னியும். இடம் சின்னது, ஞாயிறன்று எட்டு மணிக்கு மேல் போனால் வாசலில் நிற்கவேண்டும். மாலையில் கீழ மாட வீதி கற்பகாம்பாள் மெஸ்ஸில் அடை அவியல். பிள்ளைகளுக்குக் காளத்தி கடை ரோஸ்மில்க். எல்லாம் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி நடக்கிற தூரம். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்து மாட வீதியில் தள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், நடைபாதை அப்படி.

கடற்கரைக்கு ஞாயிறு காலை 6 மணி சரியான நேரம். மணற்பரப்பு அகலம், பாட்டியால் தண்ணீர் வரை நடக்க முடியாது. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022-இல் போட்ட மரப்பாதைப் பக்கம் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். அலையில் கால் நனைப்பதோடு சரி. இழுப்பு அதிகம், குளிக்கக் கூடாது. பசித்தால் திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் சாம்பார் இட்லி.

ஞாயிறு நண்பகல் அறையைக் காலி செய்து எழும்பூர் போய், ஸ்டேஷன் பொருள் காப்பறையில் பெட்டியை வையுங்கள். பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டார்கள், டிக்கெட்டும் கேட்பார்கள். வெயில் நேரத்துக்கு எழும்பூர் அரசு அருங்காட்சியகம்தான் கதி. 1851-இல் தொடங்கியது, அந்தக் காலத்துச் சென்னைக்காரர்களுக்கு அது 'செத்த காலேஜ்', மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. வெள்ளிக்கிழமைதான் விடுமுறை என்பதால் வார இறுதிக்குப் பயமில்லை. ஐந்து மணிக்கு மூடுவார்கள். கட்டடங்கள் பல, படிகளும் பல. சோழர் செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்தை முதலில் பார்த்துவிடுங்கள்.

மயிலாப்பூர் ஒத்துவராத நாட்களும் உண்டு. பங்குனியில் அறுபத்துமூவர் விழா அன்று மாட வீதிக்குள் வண்டி நுழையாது. லஸ் பக்கம் மெட்ரோ வேலை முடியும்வரை சுற்றுவழிதான். கிளம்பும்போது அரை மணி கூட்டி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்தக் கணக்கை அப்படியே நம்பச் சொல்ல மாட்டோம். மாமல்லபுரமும் சேர்க்கவேண்டும் என்றால் அது வேறு பயணம். இரண்டு நாளில் அடங்காது.

டிக்கெட்டில் கிளம்பும் ஸ்டேஷன் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். தெற்கே போகும் சில ரயில்கள் தாம்பரத்திலிருந்து புறப்படுகின்றன. அப்படியானால் பெட்டியை எழும்பூருக்குத் தூக்கவேண்டாம். மயிலாப்பூர் விடுதி வரவேற்பிலேயே விட்டுவிட்டு, மாலையில் எடுத்துக்கொண்டு நேரே தாம்பரம் போய்விடலாம்.