கருப்பு காரும் மண்டபம் போர் தண்ணீரும்

கார் கருப்பு. வீடு ராமேஸ்வரம் போகும் வழியில் உள்ள மண்டபம் பக்கம், கடலுக்குக் கூப்பிடு தூரம். சில வருடங்களாக நானேதான் கழுவி, பாலிஷ் போட்டுப் பார்த்துக்கொள்கிறேன். பெயின்ட்டில் விழுகிற கோட்டுக்கும் திட்டுக்கும் எல்லாரும் உப்புக்காற்றைத்தான் திட்டுகிறார்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் கழுவும்போது நாமே வரவழைப்பவை.

கடல் உப்பு தண்ணீர் பட்டால் கரைந்து ஓடிவிடும். தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை போய்விட்டு வந்தால் கார் முழுக்கப் பிசுபிசுக்கும். அன்று மாலையே சக்கர வளைவு, அடிப்பகுதி எல்லாம் சேர்த்துப் பீய்ச்சிவிட்டால் போதும். எங்கள் போர்வெல் தண்ணீர் அப்படிப்பட்டதில்லை. காய்ந்தால் கால்சியம், மக்னீசியம் எல்லாம் வட்டம் வட்டமாக உட்கார்ந்துகொள்ளும். ஷாம்பு போட்டுத் தேய்த்தால் கீறல்தான் மிச்சம்.

விரலைப் பாலிதீன் பைக்குள் விட்டு அந்த வட்டத்தைத் தடவிப் பாருங்கள். சொரசொரத்தால் மேலே படிந்த கறை. வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியில் நனைத்துக் கொஞ்ச நேரம் ஒற்றிவைத்துக் கழுவினால் கரைந்துவிடும். கடையில் விற்கும் வாட்டர் ஸ்பாட் ரிமூவரும் பெரும்பாலும் அமிலம்தான், வேகம் கொஞ்சம் கூடுதல். வழுவழுவென்று இருந்தும் வட்டம் தெரிகிறதா? பெயின்ட்டின் மேலுள்ள நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டையே அரித்திருக்கிறது, பாலிஷ் போட்டால்தான் போகும். அந்தக் கிளியர் கோட்டின் கனமே ஏறக்குறைய 40, 50 மைக்ரான் என்பதால் பாலிஷ் மெஷினை நான் சும்மா சும்மா எடுப்பதில்லை. “பாத்ரூம் ஆசிட்டை லேசா கலந்து அடிங்கண்ணே, பளிச்சுனு ஆயிரும்” என்று வாட்டர் வாஷ் தம்பி ஒருவர் யோசனை சொன்னார். குரோமையும் சேர்த்துத் தின்றுவிடும், கிட்டேயே விடாதீர்கள்.

என்னை அதிகம் படுத்தியது கெமிக்கல் வழிந்த தடம். ஒட்டியிருக்கும் இரும்புத் துகளைக் கரைக்கிற அயர்ன் ரிமூவர் அடித்ததும் பிரேக் தூசியிலுள்ள இரும்போடு சேர்ந்து ஊதா நிறத்தில் வழியும், அழுகிய முட்டை வாடையோடு. பார்க்கத் திருப்தியாகத்தான் இருக்கும். அது கதவிலேயே காய்ந்துபோனால் மேலிருந்து கீழே கோடு கோடாகப் பிடித்துக்கொள்ளும். பாட்டிலில் ஐந்து நிமிடம் விடச் சொல்லியிருப்பார்கள். சித்திரை வெயிலில் பானெட்டில் கை வைக்க முடியாத ஊரில் அந்தக் கணக்கெல்லாம் எடுபடாது. ஆடி மாதம் இன்னும் மோசம். வெயில் மறைந்திருந்தாலும் காற்றே உலர்த்திவிடும், கூடவே மணலையும் கொண்டுவந்து ஒட்டும். அதனால் விடிகாலையில், நிழலில், ஒரு கதவு முடித்து அடுத்த கதவு. கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, ஈரத்தைத்தான் பார்க்கிறேன். ஓரம் மங்கத் தொடங்கினால் உடனே தண்ணீர்.

காரத்தன்மையுள்ள ஆல் பர்ப்பஸ் கிளீனர், ஃபோம் போன்றவற்றைக் கீழிருந்து மேலாக அடிப்பது நல்ல பழக்கம். மேலிருந்து அடித்தால் காய்ந்த பெயின்ட்டில் முதலில் வழிகிற ஓடை தன் பாதையை மட்டும் அழுத்தமாகச் சுத்தம் செய்துவிட்டு, அதைத் தடமாக விட்டுப்போகும்.

தடம் விழுந்துவிட்டால் வேறு கெமிக்கலைத் தேடி ஓட வேண்டாம். அதே கெமிக்கலை அதன் மேலேயே மறுபடி அடித்து, ஊறியதும் காயவிடாமல் அலசுங்கள். பெரும்பாலும் இதிலேயே போய்விடும். போகாவிட்டால் ஷாம்பு, அதற்கும் அசையாவிட்டால் ஃபினிஷிங் பாலிஷைக் கையாலேயே லேசாக.

கடைசி அலசலுக்கு பேட்டரி தண்ணீர், அதாவது தாது உப்பு நீக்கிய தண்ணீர். பேட்டரி கடையில் 5 லிட்டர் கேனாகக் கிடைக்கும் (ஆசிட் கலந்தது வேறு, கேட்டு வாங்குங்கள்). ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி மேலோட்டமாக அடித்து மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்தால் போர் தண்ணீரின் மிச்சம் போய்விடும். நான் வாங்கியதிலேயே காசுக்கு முழுசாக உழைத்தது இதுதான். செராமிக் கோட்டிங் போட்டால் கறையே பிடிக்காது என்பார்கள். முத்து முத்தாக நிற்கும் போர் தண்ணீர் வெயிலில் அப்படியே காய்ந்தால் அதன் மேலும் வட்டம் விழத்தான் செய்யும். அழுக்கு சுலபமாகப் போகிறது என்பது மட்டும் உண்மை.

ஜன்னல் ஓரத்து அலுமினியப் பட்டை மட்டும் சரியாகவில்லை. ஒரு வாட்டர் வாஷ் கடையில் கார கிளீனரைத் தண்ணீர் கலக்காமல் அடித்ததில் வெள்ளையாகப் பூத்துப்போனது. வினிகர், பாலிஷ் எதற்கும் மசியவில்லை. பட்டையை மாற்றத்தான் வேண்டும், மதுரையில் சொல்லி வைத்திருக்கிறேன்.