அக்காவின் பிரஷரும் ஐந்து நிமிடமும்

ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு கனடாவிலிருந்து ஊருக்குப் போனேன். இலங்கையில் அட்டனுக்கு அப்பால் தேயிலைத் தோட்டம். அக்காவுக்கு 54 வயது. இன்னும் கொழுந்து பறிக்கிறார். பிடரி வலிக்கிறது என்றதும் டவுனில் ஒரு தனியார் டிஸ்பென்சரிக்கு அழைத்துப் போனேன். படியேறி மூச்சு வாங்க உட்கார்ந்தவுடனே, ஸ்வெட்டரின் மேலேயே பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினார்கள். 152/94. அடுத்த நிமிடம் மருந்துச் சீட்டு. ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டிய மாத்திரையை இப்படியா தொடங்கி வைப்பது? எனக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் அரச வைத்தியசாலையின் சுகவாழ்வு நிலையத்துக்குப் போனோம். கட்டணம் இல்லை, இரண்டு மணி நேர வரிசை. தாதி முதலில் கேட்டது, "அக்கா, தேத்தண்ணி குடித்து அரை மணியாவது ஆகிவிட்டதா?" சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொன்னார். ஸ்வெட்டரைக் கழற்றி, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட ஐந்து நிமிடம் உட்கார வைத்தார். கை நெஞ்சு மட்டத்துக்கு வர மேசைமேல் போர்வையை மடித்து வைத்தார். அக்கா பேச வாயெடுத்தபோது தன் உதட்டில் விரலை வைத்தார். இரண்டு முறை பார்த்தார்: 136/86, 134/84.

"கொஞ்சம்தானே கூட" என்று அக்கா எழுந்தார். தாதி விடவில்லை, டாக்டரிடம் அனுப்பினார்.

140/90 என்றால்தான் உயர் இரத்த அழுத்தம் என்பது இங்குள்ள கணக்கு. அமெரிக்க வைத்தியர்கள் 2017 முதல் 130/80 இலிருந்தே அப்படிச் சொல்கிறார்கள். ஆபத்து அதற்கும் கீழேயே தொடங்கிவிடுகிறது: 40 முதல் 69 வயது வரை, மேல் எண் 115ஐத் தாண்டி ஒவ்வொரு 20 ஏறும்போதும் மாரடைப்பாலும் பாரிசவாதத்தாலும் இறக்கும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது. வலி எதுவும் காட்டாமலே சிறுநீரகமும் கண்ணும் கெடலாம். பிடரி வலியோ, தலையில் மாட்டும் கூடைக் கயிற்றின் இழுப்பாக இருக்கலாம் என்றார் டாக்டர். மாத்திரை இப்போது வேண்டாம், உப்பைக் குறையுங்கள் என்றார்.

நாளுக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டி அளவுக்கும் குறைவாக. அக்கா வீட்டில் ரொட்டி மாவில் உப்பு, சம்பலில் உப்பு, கருவாட்டில் உப்பு. மாவில் போடுவதை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

மேற்கையில் கட்டும் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். காலையும் மாலையும் அக்காவின் மகள் பார்த்துப் பாடசாலைக் கொப்பியில் எழுதுகிறாள். அடுத்த கிளினிக் மூன்று மாதம் கழித்து. நான் அப்போது ஸ்காபரோவில் இருப்பேன். வரிசையில் அக்காவோடு நிற்க அவள் லீவு போடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.